அட்டிக்குள் பெருச்சாளி

வேலை கேட்கப் போகிற இடத்தில் சின்னராசு முதலில் சொல்வது தன் பெயரை அல்ல. "ஒன்றரை வருசம் வேலூர் ஜெயில்ல இருந்துட்டு வந்தவன் நானு. சிமெண்ட் மூட்டை திருடினேன். இஷ்டம்னா வேலை குடுங்க" என்பான். மீதியெல்லாம் அப்புறந்தான்.

இதைச் செங்கல்பட்டில் ஓர் அரிசி மில்லில் கற்றுக்கொண்டான். அங்கே மறைத்துத்தான் சேர்ந்தான். பத்து நாள் நெல் அவித்தான். பதினோராம் நாள் ஏட்டு சைக்கிளை மில் வாசலில் சாய்த்து நிறுத்திவிட்டு, "நம்ம கேடி ஒயுங்கா கீறானா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டார். கேடி லிஸ்டில் பெயர் ஏறினவன் எங்கே வேலை செய்கிறான், எங்கே படுக்கிறான் என்று பார்ப்பது ஏட்டின் டியூட்டி. அதை மெதுவாகக் கேட்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கணக்குப்பிள்ளை எழுந்து வந்து அவன் வேட்டியை உதறச் சொன்னார். உதறினான். ஒரு பீடிக்கட்டும் வத்திப்பெட்டியும் விழுந்தன. தவிடு சலித்துக்கொண்டிருந்த பொம்பளைகள் சல்லடையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் இரண்டு பேர் மடியில் தினமும் நொய்யரிசி போகிறது. அது அவனுக்கும் தெரியும், கணக்குப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் உதறச் சொன்னது அவனை மட்டும்.

அன்றிலிருந்து முதலிலேயே சொல்லிவிடுகிறான். சொன்னால் என்ன நடக்கும் என்பதும் ஒரு மாதத்தில் தெரிந்துபோனது. திருடன் வேண்டாம் என்றவர்கள் ஒரு வகை. ஓட்டல்காரர் ஒருத்தர், எச்சில் இலை எடுக்கிற வேலைக்கு, "கல்லாவுக்குக் கிட்ட நடக்கணுமேப்பா" என்றார். திருடன்தான் வேண்டும் என்றவர்கள் இன்னொரு வகை. எமர்ஜென்சி நேரம், மதுவிலக்கு வேறு. ரப்பர் டியூபில் சாராயம் கடத்துகிற ஒருத்தன் அவனை வீடு தேடி வந்து, "உள்ள போய் வந்தவன், உனக்குப் பயம் வுட்டுப் போயிருக்கும், வா" என்று தோளில் கை போட்டான். முதல் வகையைப் பார்த்தால் கோபம் வந்தது. இரண்டாவது வகை தொட்ட தோளைத் துண்டால் துடைத்துக்கொண்டான்.

பெண்டாட்டி பெயர் வேண்டா. திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கல்குவாரியில் ஜல்லி உடைத்தாள். அவள் கையில் பத்து விரலுக்கு நாலு நகம் உருப்படியாக இருந்தது. அவன் ஜெயிலிலிருந்து வந்த அன்று அவள் அழவில்லை. "இன்னொருக்கா போலீசு இந்த வூட்டுக் கதவத் தட்டிச்சுன்னா, புள்ளயத் தூக்கிக்கினு நான் போயிடுவேன். எங்கன்னு தேடாத" என்றாள். சொன்னால் செய்கிறவள்.

இந்த நேரத்தில்தான் அவள் அண்ணன் சதாசிவம் வந்தான். மாவலிபுரத்துக்கு வடக்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டி, கடலோரமாக வெள்ளைக்காரர்கள் வந்து தங்குவதற்குக் குடில்கள் கட்டுகிற காண்ட்ராக்டர் அப்பாசாமியிடம் அவன் சூப்பர்வைசர். கையில் வாட்ச், காலில் பூட்சு. தங்கச்சி புருசன் ஜெயிலில் இருந்த காலத்தில் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவன், அன்றைக்குக் காராசேவும் வாழைப்பழமுமாக வந்தான்.

"மாப்ள, சிமெண்ட் கொட்டாய்க்கு வாட்ச்மேன் வோணும். மொதலாளி கிட்ட உன்னப் பத்திச் சொல்லிட்டேன். எல்லாத்தையும்."

"சிமெண்ட்டா? நான் சிமெண்ட் திருடிட்டு உள்ள போனவன் மச்சான்."

"அதையும் சொல்லிட்டேன்றேன்ல."

மறுநாள் அப்பாசாமி எதிரில் நின்று தன் வழக்கப்படி சின்னராசு சொன்னான். எட்டு மூட்டை, லாரி கிளீனராக இருந்தபோது, தானே தோளில் இறக்கினது. அப்பாசாமி வெற்றிலை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தவர் முகம் மலர்ந்துபோனது. "பேஷ்! ஒளிவு மறைவு இல்லாம சொல்றியே. இவன்தான்டா ஆளு" என்று சதாசிவத்தைப் பார்த்துச் சிரித்தார். ஒரு மாதமாக வேலை கேட்டுப் போன இடத்தில் ஒருத்தரும் இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டதில்லை. வீடு தேடி வந்த சாராயக்காரன்தான் இப்படிச் சிரித்தான் என்று சின்னராசுவுக்குப் பட்டது. ஆனால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். சரி என்றான்.

கொட்டாயைப் பொறுப்பேற்பதற்காகத் திங்கட்கிழமை காலை போனான். கல்நார் ஓடு போட்ட நீளக் கொட்டாய். உள்ளே பனஞ்சட்டம் பரப்பி, அதன் மேல் மூட்டைகளைச் சுவர் மாதிரி அடுக்கியிருந்தார்கள். அந்த அடுக்குக்கு அட்டி என்று பெயர். நீளத்துக்கு இத்தனை, அகலத்துக்கு இத்தனை, உயரத்துக்கு இத்தனை என்று வெளியிலிருந்தே எண்ணிப் பெருக்கிவிட்டால் மொத்தக் கணக்கு வந்துவிடும். எந்தக் குடோனிலும் அட்டியைப் பிரித்து எண்ண மாட்டார்கள். அதற்கு ஆள் கூலி, நேரம் எல்லாம் ஆகும். பர்மிட்டில் கொடுத்த சிமெண்ட்டைச் சரிபார்க்க அதிகாரி வந்தாலும் குச்சியால் சுட்டிச் சுட்டி எண்ணிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்.

சதாசிவம் அப்படித்தான் எண்ணினான். "பன்னண்டு, ஆறு, ஏழு. ஆக மொத்தம் ஐந்நூத்தி நாலு மூட்டை. இந்தா மாப்ள, நோட்டுல கைநாட்டோ கையெழுத்தோ வை. சாவியப் புடி."

சின்னராசு கையை நீட்டவில்லை. மூக்கைச் சுருக்கினான்.

"இன்னா நாத்தம் மச்சான் இது?"

"கடலோரம்டா. கருவாடு காயப்போட்டுருப்பாங்க."

"கருவாட்டு நாத்தம் எனக்குத் தெரியாதா? இது செத்த வாடை."

"நீ இன்னா மோப்ப நாயா? கையெழுத்தப் போடு, நாஸ்தா ஆறிப்போவுது."

வெளியே கம்பி லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. சௌகத் அலி மேஸ்திரியின் மூட்டைக்காரர்கள் ஏழு பேர் முறுக்குக் கம்பி இறக்கிக்கொண்டிருந்தார்கள். சித்தாள் பெண்கள் மண் சுமந்தார்கள். சின்னராசு கொட்டாய் வாசலில் நின்று ஒருமுறை மூச்சு இழுத்தான். அங்கே காற்று சுத்தமாக இருந்தது. உள்ளே வந்து அட்டியின் மேல் முகத்தை வைத்து இழுத்தான். வாடை அதற்குள்ளிருந்துதான் வந்தது.

சிமெண்ட் அட்டிக்குள் எலி போகாது. தின்ன அங்கே ஒன்றும் இல்லை, நுழைய இடமும் இல்லை. மூட்டைக்கு மூட்டை அழுத்திக்கொண்டு பாறையாக நிற்கும். உள்ளே ஒரு பிராணி போய்ச் செத்திருக்கிறது என்றால், உள்ளே அது நடமாட இடம் இருந்திருக்க வேண்டும். இது யாரும் சொல்லித்தந்து தெரிந்ததல்ல. திருடின எட்டு மூட்டையை நடுவிலிருந்து உருவிவிட்டு மேலே ஒழுங்கு பண்ணினவன் அவன். உருவின இடம் எப்படி இருக்கும் என்று அவன் கைக்குத் தெரியும்.

குனிந்து வத்திக்குச்சி கிழித்து அட்டிக்கு அடியில் பார்த்தான். ஓரத்துப் பனஞ்சட்டங்கள் பாரம் தாங்காமல் தரையோடு தரையாகப் படிந்திருந்தன. நடுவில் இருந்தவை புதுசாகப் போட்ட மாதிரி நிமிர்ந்து நின்றன.

"டேய், இன்னாத்தடா தேடற?" சதாசிவத்தின் குரல் மாறியிருந்தது.

சின்னராசு மூட்டை முனைகளில் கால் வைத்து மேலே ஏறினான். நடுவில் ஒரு மூட்டையைப் பிடித்து இழுத்தான். அதன் கீழே மூட்டை இல்லை. சவுக்குக் கழிகள் குறுக்கே போட்டிருந்தன. கழிகளுக்கு இடையில் இருட்டு. அதிலிருந்து எழுந்த நாற்றம் முகத்தில் அறைந்தது. வேட்டி முனையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். ஒரு கழியை நகர்த்தி உள்ளே பார்த்தபோது, ஆள் படுத்துப் புரளுகிற அளவுக்கு ஒரு குழி. அடியில் ஒரு பெருச்சாளி, வயிறு ஊதி, வெடித்து, புழு நெளிந்துகொண்டு கிடந்தது. உள்ளே விழுந்ததற்கு வெளியேற வழி தெரியவில்லை போலும். ஐந்நூற்று நாலில் இருநூறு மூட்டையாவது இல்லை.

"கீய எறங்கு மாப்ள" என்று சதாசிவம் கதவை இழுத்துச் சாத்தப் போனான். "எறங்கு, பேசிக்கலாம். நம்ம வூட்டு விசயம் இது."

அந்தக் கதவு சாத்துகிற சத்தந்தான் சின்னராசுவை உசுப்பிவிட்டது. கோர்ட்டில் லாரி டிரைவர் கண்ணீர்விட்டு, எல்லாம் கிளீனர்தான் என்று சொன்னபோது, இவன் பக்கம் பேச ஒரு நாதி இல்லாமல் நின்றான். இரண்டு பேர் மட்டும் பார்த்தது எப்போதும் பெரிய ஆளின் பக்கமே சாயும். மேல் மூட்டையைக் காலால் எட்டி உதைத்தான். அது கதவின் மேல் விழுந்து வெடித்து, சதாசிவத்தின் வாட்சு, பூட்சு எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கியது. கதவு திறந்துகொண்டது. சின்னராசு ஒரு கழியைக் குழிக்குள் விட்டு, பெருச்சாளியைத் தூக்கி வாசலுக்கு வெளியே வீசினான்.

"யாரு யாரு கீறீங்களோ எல்லாரும் வாங்க! வந்து இத்தப் பாருங்க! நான் இன்னும் சாவியத் தொடல, கையெழுத்துப் போடல. எல்லாரும் பாத்துக்கோங்க!"

கம்பியைப் போட்டுவிட்டு வந்தார்கள். சித்தாள் அமிர்தவல்லி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யம்மாடி, இந்தக் கெணத்த யாரு தோண்டினாங்க?" என்றாள். ஒருத்தன் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, "டேய், குடும்பமே நடத்தலாம்டா உள்ள" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சௌகத் அலி மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. மேலே ஏறிப் பார்க்கவும் இல்லை.

அரை மணி நேரத்தில் அப்பாசாமியின் கார் வந்தது. கூட்டத்தைக் கலைத்தார். சத்தம் போடவில்லை. சின்னராசுவைத் தனியாக அழைத்துப் போகப் பார்த்தபோது, "இங்கயே பேசுங்க மொதலாளி" என்று அவன் லாரி ஓரத்திலேயே நின்றுகொண்டான். அவர் வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பாருப்பா. பர்மிட் சிமெண்ட்டு வெளிய போயிடுச்சு. எங்க பாத்தாலும் ரெய்டு. எனக்கு ஒரு ஆளு வோணும். உனக்கு ஒரு வேலை வோணும். சாவிய வாங்கிக்க. வந்து கேட்டாங்கன்னா நான்தான்னு சொல்லு. மிஞ்சிப் போனா ஆறு மாசம். உனக்கு இன்னா, பயகின எடம். நீ உள்ள இருக்கிற வரைக்கும் மாசம் ஒரு மூட்டை அரிசி உன் வூட்டுக்கு வந்துடும். வெளிய வந்தா நிரந்தர வேலை."

"நான் எடுக்கலியே."

"அதான் உனக்கு லாபம். மொத தடவ திருடிட்டுப் போன. இந்தத் தடவ திருடாமலே போற. பாவங்கூடக் கெடையாது."

இதைச் சொல்லிவிட்டு அவரே ரசித்துச் சிரித்தார். அவர் பல்லிடுக்கில் பாக்குத்தூள் சிவப்பாக ஒட்டியிருந்தது. சின்னராசுவுக்குப் புழு நெளிந்த பெருச்சாளிதான் நினைவுக்கு வந்தது. தன் ஒன்றரை வருஷத்தை, களியை, மூத்திரப் பானைக்குப் பக்கத்தில் படுத்த படுக்கையை, இந்த ஆள் ஒரு தொழில் அனுபவமாக எடுத்துக்கொண்டு கூலி பேசுகிறான்.

"உங்க சூப்பர்வைசர அனுப்புங்க மொதலாளி. அவரு கையில தான சாவி கீது" என்றான் சின்னராசு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்க்க நடந்தான். பின்னாலிருந்து, "ஏட்டு கிட்ட ஒரு வார்த்த சொன்னா நீ எங்க இருப்ப தெரியுமா?" என்ற குரல் வந்தது. திரும்பவில்லை. முப்பது பேர் பார்த்திருக்கிறார்கள். அதற்கு மேல் அவனிடம் வேறு காப்பு இல்லை.

திருக்கழுக்குன்றம் ரோட்டில் நாலு மைல் நடந்திருப்பான். காலியான கம்பி லாரி பக்கத்தில் வந்து நின்றது. முன்னால் டிரைவரோடு சௌகத் அலி. "ஏறு தம்பி."

ஏறினான். 

"பாய், ஒண்ணு கேக்கட்டுமா? அந்த அட்டிய யாரு கட்டினது? சூப்பர்வைசருக்கு அந்த வேலை வராது. கை தேர்ந்தவன் கட்டினது அது."

சௌகத் அலி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாங்கதான். ராத்திரி மூட்டை ஏத்தி அனுப்பினதும் நாங்க, அட்டி கட்டினதும் நாங்க. அப்பாசாமி ரெட்டைக் கூலி குடுத்தான்."

"யாரு தலையில கட்டறதுக்குன்னு தெரியுமா?"

"ஜெயில்ல இருந்து ஒருத்தன் வரான், சூப்பர்வைசருக்குச் சொந்தம்னு சொன்னாங்க."

சின்னராசு லாரிக் கதவுக்கு வெளியே தலையை நீட்டித் துப்பினான். காற்று அதைத் திருப்பி அவன் கையிலேயே கொண்டுவந்து ஒட்டியது.

"துப்பு. வாங்கிக்கிறேன்" என்றார் சௌகத் அலி. "ஆனா ஒண்ணு கேளு. என் செட்டுல ஒரு ஆளு கொறையுது. எங்க வயக்கம் இன்னான்னா, ஒருத்தன் கைய வெச்சா எட்டுப் பேருக்கும் அன்னிக்குக் கூலி இல்ல. அதனால ஒருத்தன ஒருத்தன் பாத்துக்கினே இருப்பான். உன் பேருல எதையும் தனியா ஏத்த முடியாது. ஏட்டு வந்தா என்னைக் கேக்கட்டும். வரியா?"

"நீங்களே திருடறீங்களே பாய்."

"நாங்க தூக்கறோம். எங்க வெக்கச் சொல்றானோ அங்க வெக்கறோம். அவ்ளோதான்."

"அந்தக் காலி அட்டி வேலைக்கு நான் வர மாட்டேன்."

"அன்னிக்கு உனக்குக் கூலி கெடையாது."

"வோணாம்."

"பெரிய சாமியாருடா நீ" என்றார் சௌகத் அலி. கேலியாகச் சொன்னாரா மெச்சிச் சொன்னாரா என்று தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் சதாசிவம் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். தலைமுடியில் இன்னும் சிமெண்ட். வேண்டா கஞ்சி ஊற்றி வைத்திருந்தாள். அவன் அதைக் குடித்துக்கொண்டே அழுதான்.

"மாப்ள, மொதலாளி என்னையே ஒப்புக்கச் சொல்றாரு. பேஜாராப் போச்சு. எனக்கு ரெண்டு பொண்ணு. நீ வந்து சாவிய வாங்கிக்க. உனக்குத் தான் எல்லாம் பயக்கம். வேண்டா, நீயாவது சொல்லு. அரிசிய நானே கொண்டாந்து போடறேன்."

வேண்டாவுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. புருசனைப் பார்த்தாள்.

"சாவியத் தொட்டியா?"

"இல்ல."

"கையெழுத்து?"

"இல்ல."

அவள் அண்ணன் கையிலிருந்த சட்டியை வாங்கினாள். மிச்சமிருந்த கஞ்சியை வாசலில், அவன் கழற்றி வைத்திருந்த பூட்சுக்குள் ஊற்றினாள். "போ" என்றாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "ஜல்லிச் சுத்தி உள்ள கீது, எடுத்துக்கினு வரட்டா?" என்றாள். பூட்சைக் கையில் எடுத்துக்கொண்டு போனான். கஞ்சி வழி நெடுகச் சொட்டியது.

மறுநாளிலிருந்து சின்னராசு மூட்டை தூக்கினான். உப்பு, நெல், உரம். முதுகுத்தோல் உரிந்தது. ஒரு வாரம் குப்புறப் படுத்தான். இரண்டு வாரம் கழித்துச் செங்கல்பட்டில் ஒரு உரக் குடோனுக்கு லாரி போனது. பாதி லோடு இறங்கினபோது குடோன்காரர் வந்து சௌகத் அலியின் காதில் ஏதோ சொன்னார். சௌகத் அலி தலையாட்டிவிட்டு, சின்னராசு பக்கம் பார்த்து வெளியே என்று கையைக் காட்டினார்.

போய் லாரி நிழலில் குந்தினான். உள்ளே கழி குறுக்கே போடுகிற சத்தம் கேட்டது. எந்தக் கழி எங்கே விழுகிறது என்று சத்தத்தை வைத்தே அவனால் சொல்ல முடிந்தது. அது அவனுக்கே அருவருப்பாக இருந்தது. செட்டில் ஒருத்தன், முனிசாமி, தண்ணி குடிக்க வெளியே வந்தவன் சொம்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இன்னா சாமியாரே, தபஸா? உன் பங்குக் கூலியும் எங்களுக்குத்தான் இன்னிக்கு. தெனம் இப்டியே ஒக்காரு" என்றான்.

"இதோட சாவிய யாரு வாங்கறான்?"

"எவனோ திருவிடந்தைக்காரனாம். போன வாரந்தான் வெளிய வந்தானாம்."

"எப்ப வரான்?"

"நாளைக்கிக் காத்தால. ஏன், மால போடப் போறியா?"

சின்னராசு எழுந்தான். சாவியைத் தொடுவதற்கு முன்னால் அந்த ஆளைப் பிடித்துச் சொல்லிவிட வேண்டும். காலையில் திருவிடந்தைப் பக்கத்திலிருந்து செங்கல்பட்டுக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று டிரைவரிடம் கேட்கப் போனான். நாளைக்கும் கூலி இருக்காது.